கூரையில் காத்திருந்த பலூன்கள்

2025 ஜூன் 23, திங்கட்கிழமை. விடிகாலை ஐந்தரை மணிக்கு நானும் மகளும் ஒரே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வீட்டில், அவள் புனேயில், வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். ஆட்டம் நடந்த ஓக்லஹோமா சிட்டியில் அப்போது ஞாயிறு இரவு. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம் வரை வந்து நின்றிருந்தது. ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கு மூன்று வெற்றி, இண்டியானா பேசர்ஸுக்கு மூன்று வெற்றி.

அந்த ஊர் ரசிகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்கள் அணி முதல் கூடை போடும்வரை யாரும் உட்கார மாட்டார்கள். அரங்கில் பதினெட்டாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். அதைப் பார்த்துவிட்டு மகள் ஒரு செய்தி அனுப்பினாள்: "எனக்காக இப்படி யாராவது எழுந்து நின்னா நானும் மீட்டிங்ல பேசிடுவேன்மா."

வீட்டில் அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. சாப்பாட்டு மேசையில் அப்பாவோடு வரவுசெலவுத் திட்டம் பற்றிக்கூட வாதாடுவாள். புனேவுக்குப் போனதிலிருந்து, தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதாக இரவில் சொல்வாள். உறவினர்களிடம் இதற்கு ஒரு பழமொழி தயாராக இருக்கிறது: தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை. வெளியே போனால்தான் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியும் என்பது அதன் உட்பொருள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். இப்போது நம்பவில்லை. அயலூரில் பூனையாகிப்போன யானை பொய்யான யானை என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்?

என்.பி.ஏ.வில் சொந்த அரங்கு என்பது சும்மா கிடைக்கும் சலுகை அல்ல. 82 ஆட்டங்கள் ஆடிச் சம்பாதிக்க வேண்டும். இறுதித் தொடருக்கு வரும் இரண்டு அணிகளில் வருடம் முழுக்க அதிகம் ஜெயித்த அணிக்கே ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழாவது ஆட்டங்கள் சொந்த ஊரில் நடக்கும். 2014 முதல் இந்த வரிசைதான். ஏழாவது ஆட்டம் வரை போன இறுதித் தொடர்கள் அன்றைய ஆட்டத்தோடு சேர்த்து இருபது. அவற்றில் பதினாறில் உள்ளூர் அணியே ஜெயித்திருக்கிறது. அன்றும் தண்டர் 103-91 என்று ஜெயித்தது. பேசர்ஸின் டைரஸ் ஹாலிபர்டன் முதல் கால் பகுதியிலேயே குதிகால் தசைநார் அறுந்து, அடுத்தவர் ஊர்த் தரையில் கையால் அடித்துக்கொண்டு கிடந்த காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த அனுகூலம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பல பதில்கள் உண்டு. பயணக் களைப்பு ஒன்று. டோபியாஸ் மாஸ்கோவிட்ஸும் ஜான் வெர்தைமும் 2011இல் எழுதிய 'ஸ்கோர்காஸ்டிங்' நடுவர்களைக் காட்டுகிறது. கூட்டத்தின் இரைச்சல் நடுவர்களைத் தம்மை அறியாமலே உள்ளூர் பக்கம் சாய்க்கிறது என்பது அவர்கள் வாதம். அவர்கள் காட்டும் ஒரு விஷயம் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஃப்ரீ த்ரோ போடும்போது எதிரணி ரசிகர்கள் போர்டுக்குப் பின்னால் நின்று கத்துகிறார்கள், எதையெதையோ ஆட்டுகிறார்கள். ஆனாலும் ஃப்ரீ த்ரோ விழும் விகிதம் உள்ளூரிலும் வெளியூரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கல்லூரி அணியில் நான் பெஞ்சில் ஏழாவது, எட்டாவது ஆளாக இருந்தவள். அந்தக் கணக்கு சரியாகவே இருக்கும் என்று எனக்குப் படுகிறது. ஃப்ரீ த்ரோவில் நீ நிற்கிறாய், பந்து உன் கையில், யாரும் மறிப்பதில்லை. மற்ற நேரமெல்லாம் அப்படியல்ல. போடுவதா, பாஸ் கொடுப்பதா என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். எங்கள் சிமெண்ட் கோர்ட்டில் வடக்குப் பக்க ரிங் கொஞ்சம் தளர்ந்திருக்கும், போர்டில் எங்கே அடித்தால் பந்து செத்து விழும் என்பது என் கைக்குத் தெரியும். அங்கே நான் யோசிக்காமல் போடுவேன். வெளியூர்க் கோர்ட்டுக்குப் போனால் பாஸ் மட்டும் கொடுத்தேன். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. 'நான் போடலாமா?' என்ற ஒரு கேள்வி நடுவில் வந்து நிற்கும். அதற்குப் பதில் கிடைப்பதற்குள் எதிராளி முன்னால் வந்துவிடுவாள்.

அமெரிக்கப் பயிற்சியாளர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் ஒரு நம்பிக்கை இதோடு ஒத்துப்போகிறது. நட்சத்திர வீரர்கள் எங்கு போனாலும் ஆடுவார்கள். பெஞ்சிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்குத்தான் சொந்த ஊர் வேண்டும். உண்மைதானே? உலகத்தில் நட்சத்திரங்கள் எத்தனை பேர்? மீதிப் பேர் எல்லோரும், தாங்கள் யார் என்று தெரிந்த நாலு முகம் சுற்றிலும் இருந்தால் மட்டும் தங்கள் முழு உயரத்துக்கு நிமிர்கிறவர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நட்சத்திரங்களுக்கும் சொந்த ஊர் தேவை என்று 2020 காட்டியது. கொரோனாவால் அந்த வருடம் ப்ளேஆஃப் முழுவதையும் புளோரிடாவில், டிஸ்னி வேர்ல்டு வளாகத்துக்குள் அடைத்து நடத்தினார்கள். ரசிகர்கள் இல்லை, பெரிய திரைகளில் முகங்கள் மட்டும் தெரிந்தன. யாருக்கும் ஊர் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸின் பால் ஜார்ஜ், பல வருடம் ஆல் ஸ்டார் ஆடியவர், முதல் சுற்றிலேயே போட்ட பந்தெல்லாம் தவறித் திணறினார். அந்த அடைப்புக்குள் பதற்றமும் மனச்சோர்வும் தன்னைப் பிடித்துக்கொண்டதாகப் பிறகு அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு இருந்த துணிச்சலை நான் மதிக்கிறேன்.

இவ்வளவும் சொந்த ஊரின் பக்கம் நின்று சொல்கிறேன். ஆனால் 1969 நினைவுக்கு வந்தால் வேறொன்றையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

அந்த இறுதித் தொடரில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸும் பாஸ்டன் செல்டிக்ஸும் மோதின. செல்டிக்ஸ் கிழக்குப் பிரிவில் நாலாவதாக வந்த, வயதான அணி. பயிற்சியாளரும் மைய ஆட்டக்காரருமான பில் ரஸ்ஸலுக்கு அதுவே கடைசித் தொடர். முதல் ஆறு ஆட்டங்களிலும் உள்ளூர் அணியே ஜெயித்தது. ஏழாவது, மே 5 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில். லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்ட் அதற்கு முன் இறுதித் தொடரில் ஐந்து முறை இதே செல்டிக்ஸிடம் தோற்றிருந்தார். இந்த முறை யாருக்கும் சந்தேகமில்லை. உரிமையாளர் ஜாக் கென்ட் குக் அரங்கின் கூரையில் வலை கட்டி ஆயிரக்கணக்கான பலூன்களை நிரப்பிவைத்தார். ஜெயித்ததும் பலூன்கள் கொட்டும், பல்கலைக்கழக பேண்டு வாசிக்கும் என்று நிகழ்ச்சி நிரலே அச்சாகிவிட்டது. அதில் ஒரு பிரதி ரஸ்ஸலின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைத் தன் ஆட்களிடம் காட்டினார்.

வெஸ்ட் அன்று 42 புள்ளி, 13 ரீபவுண்டு, 12 அசிஸ்ட் எடுத்தார். கடைசி நிமிடங்களில் செல்டிக்ஸின் டான் நெல்சன் போட்ட பந்து ரிங்கின் பின்விளிம்பில் பட்டு, நேர்மேலே எழும்பி, வளையத்துக்குள்ளேயே விழுந்தது. 108-106, செல்டிக்ஸ் ஜெயித்தது. பலூன்கள் கூரையிலேயே இருந்தன. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வெஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள். தோற்ற அணியிலிருந்து ஒருவர் அந்த விருதைப் பெற்றது இன்றுவரை அந்த ஒரு முறைதான்.

பலூன்களால் தோற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. பந்து இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் கதை வேறு. ஆனால் தலைக்கு மேலே அவை தொங்கும்போது கீழே நின்று ஆடுகிறவனை நினைத்துப் பார்க்கிறேன். எழுந்து நிற்கிற பதினெட்டாயிரம் பேர் 'ஆடு' என்கிறார்கள். கூரையில் தொங்கும் பலூன் 'நீ ஏற்கெனவே ஜெயித்தாயிற்று, அதைப் பொய்யாக்கிவிடாதே' என்கிறது. இரண்டும் அன்புதான். வெளியூரில் தோற்றால் ஆட்டத்தில் மட்டும் தோற்கிறோம். பலூன் கட்டிய வீட்டில் தோற்றால், கட்டியவர்கள் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் அதை ஒரு முறை செய்திருக்கிறோம். மகளின் பிளஸ் டூ முடிவு வந்த அன்று, காலை எட்டு மணிக்கே தெருமுனைக் கடையில் இரண்டு கிலோ லட்டு வாங்கிவந்து மேசையில் வைத்தேன். பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கச் சின்னச் சின்ன பைகள்கூட எடுத்துவைத்திருந்தேன். மதிப்பெண் மோசமில்லை, ஆனால் நாங்கள் நினைத்த படிப்புக்குப் போதாது. அறையிலிருந்து வெளியே வந்தவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை. டப்பாவைத்தான் பார்த்தாள். "யாருக்கும் கொடுக்கலையாம்மா?" என்று கேட்டாள்.

1969இன் அந்த இரவு, தோற்ற அரங்கில் வெஸ்ட்டிடம் வந்தவர்கள் எதிரணிக்காரர்கள். ஜான் ஹாவ்லிசெக் அவரிடம் தன் அன்பைச் சொன்னார். ரஸ்ஸல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெஸ்ட்டை அந்தத் தோல்வி கடைசிவரை விடவில்லை. 1972இல் ஆட்டக்காரராக ஒரே ஒரு பட்டம் கிடைத்த பிறகும் ஆறவில்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். 2024 ஜூனில் அவர் இறந்தபோது அந்தச் செய்தியை மகள்தான் எனக்கு முதலில் அனுப்பினாள்.

லட்டு டப்பாவைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை. அடுத்த மாதம் விடுமுறைக்கு வருகிறாள்.