விருந்தும் வரம்பும்

பிறருடைய உழைப்பை அழகாகக் கண்டு மகிழ்பவன் அவ்வுழைப்புக்குக் கடன்பட்டவனா? இவ்வினா கலைக்கூடங்களிலும் அரண்மனைகளிலும் எழுவதைவிட வயல்களிலேயே கூர்மையாக எழுகின்றது. அரண்மனையைக் கட்டியவர் மறைந்து நூற்றாண்டுகள் கழிந்திருக்கும். அவரின்றியும் அது நிற்கும். வயலோ, கட்டியவரின் வழிவந்தோர் ஆண்டுதோறும் அதனைக் கட்டிக்கொண்டிருக்கும்வரை மட்டுமே வயலாக இருக்கும். பிலிப்பைன் நாட்டின் லூசோன் தீவில், கோடில்லெரா மலைத்தொடரைச் சார்ந்த இபுகாவோ மாகாணத்து நெல்வயற் படிகளை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வது பொருத்தமாகும்.

அம்மலைநாட்டின் ஐந்து வயற்றொகுதிகள் 1995 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று பட்டாட். வட்ட அரங்கின் இருக்கைகள்போல அடுக்கடுக்காக உயரும் வயல்களின் அடியிலே அமைந்த சிற்றூர் அது. வெளிநாட்டினரும் மணிலா நகரத்தாரும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைத் துணைகொண்டு மலைப்பாதையிலும் வயல்வரம்பிலும் நடந்து இத்தகைய ஊர்களை அடைகின்றனர். ஊரவர் வீடுகளிலே பணம் கொடுத்துத் தங்கி, அவர் சமைத்த சோற்றை உண்டு, மறுநாள் அடுத்த ஊரை நோக்கிச் செல்கின்றனர்.

பயணியின் கண்ணுக்குப் படிகள் தெரிகின்றன. அவற்றைத் தாங்குவன தெரிவதில்லை. வயல்களுக்கு மேலே ‘முயோங்’ எனப்படும் காடு உண்டு. அது குடும்பங்களுக்கு உரியது, அவற்றாலேயே பேணப்படுவது. மழைநீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாக விடுவிப்பது அக்காடேயாம். அந்நீர் வாய்க்கால் வழியே மேல்வயலை அடைந்து, அங்கிருந்து கீழ்வயலுக்கு இறங்கி, இவ்வாறே அடிவாரம்வரை செல்கின்றது. அங்கு மரபாகச் செய்கை பண்ணப்படும் நெல் ‘தினாவோன்’ எனப்படும். ஆண்டுக்கொருமுறை விளைவது என்பதே அப்பெயரின் பொருள். கல்லாலும் களிமண்ணாலும் ஆன அணைசுவரைச் செப்பனிடுதல் ஆடவர் தொழிலாகவும், விதை தெரிதலும் நாற்று நடுதலும் அறுவடையும் பெரும்பாலும் மகளிர் தொழிலாகவும் இருந்துவந்தன. அறுவடைக் காலத்தில் மகளிர் பாடும் ‘ஹுட்ஹுட்’ என்னும் நெடும்பாடல்களையும் யுனெஸ்கோ 2001 இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. வயலொன்று நீரின்றிக் காயுமாயின் அதன் சுவர் வெடிக்கும். அடுத்த பெருமழையில் வெடிப்பினுள்ளே நீர் புகும், சுவர் சரியும், சரிந்த மண் கீழ்வயலை மூடும். ஒருவர் கைவிட்ட வயல் அவரோடு நின்றுவிடுவதில்லை.

1790 இல் வெளிவந்த தமது நூலொன்றில் இம்மானுவேல் கான்ற் அரண்மனை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றார். மக்களின் வியர்வையைப் பெரியோர் தம் வீண்பெருமைக்குச் செலவிட்டனர் என்று ஒருவன் ரூசோவைப் பின்பற்றிக் கண்டிக்கலாம். அக்கண்டனம் ஏற்கத்தக்கதாகவே இருக்கலாம். ஆயினும், அது அழகா அன்றா என்னும் வினாவுக்கு அது விடையாகாது என்பது அவர் கருத்து. அழகுணர்வு பயன்கருதாதது என்று கொண்டால் இவ்வாதம் பொருந்தும். வயற்படிகளிடத்து அது பொருந்துமோ என்பது ஐயமே. ஏனெனில் இங்கு அழகு என்பது வேலையின் வடிவமேயன்றி, வேலையை மறைத்து நிற்கும் முகப்பு அன்று. மலைச்சரிவின் வளைவை வரம்பின் வளைவு பின்பற்றுவது ஓவியனின் விருப்பினால் அன்று. நீர் மட்டமாக நிற்கவேண்டும் என்பதனால். வேலையை நீக்கிவிட்டுக் காண்பவன் அழகையும் அரைகுறையாகவே காண்கின்றான்.

இதனால் அவ்வேலையை இன்ப வாழ்வாக எண்ணிவிடலும் ஆகாது. இப்படிகளை எந்த அரசனும் கட்டளையிட்டுக் கட்டுவிக்கவில்லை என்பது உண்மை. இபுகாவோ மக்களிடம் அரசு என ஒன்று இருந்ததில்லை. எனினும் ஏற்றத்தாழ்வு இருந்தது. நெல்வயல் மிகுதியாக உடைய செல்வர் ‘கடாங்யான்’ எனப்பட்டனர். வயலற்ற எளியவர்க்கு மலைச்சேனையின் வத்தாளங்கிழங்கே உணவாயிற்று. பயணி வியந்து நோக்கும் பச்சைப் படிகள் ஒரு காலத்தில் எல்லாருடைய சோறாகவும் இருக்கவில்லை.

வயல்களின் வயதுபற்றிய கருத்து வேறுபாடும் ஈண்டுக் கருதத்தக்கது. ஓட்லி பேயர், ரோய் பார்ட்டன் ஆகிய இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி ஆய்வாளர் அவை 2000 ஆண்டு அல்லது அதனினும் பழையன என்றனர். உல்லாசப் பயண விளம்பரங்கள் அதனையே இன்றும் ஓதுகின்றன. அண்மைக்கால அகழாய்வுகளைக் கொண்டு ஸ்ரீபன் அக்கபாடோ முதலியோர், ஈரநெற் செய்கை அங்கு விரிவடைந்தது ஸ்பானியர் வருகையை அடுத்தே, அதாவது ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னரே என வாதிடுகின்றனர். சமவெளியிற் புகுந்த அந்நியனுக்குப் பணியாது மலையேறியோரின் ஆக்கம் அது என்பது அவர் விளக்கம். இக்கூற்று மெய்யாயின் வயல்களின் பெருமை குறைவதில்லை. பிறர் வரவைத் தடுத்து வாழ்வதற்காகப் பெருக்கப்பட்ட வயல்கள் இன்று பிறர் வரவினாற் பிழைக்க வேண்டியுள்ளன என்பதே எண்ணத்தக்கது.

2001 இல் இவ்வயல்கள் ஆபத்துக்குள்ளான மரபுரிமைகளின் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. 2012 இல் அதிலிருந்து நீக்கப்பட்டன. வயல்கள் கைவிடப்பட்டமையும் இளைஞர் வெளியேறியமையும் காரணங்களுட் சில. இபுகாவோ வழக்கப்படி நெல்வயல் பெரும்பாலும் மூத்த பிள்ளைக்கே சேரும். ஏனைய பிள்ளைகள் வேறு வழி தேடவேண்டியவர். கல்வி பெற்ற மூத்த பிள்ளையும் இன்று அவர்களோடு புறப்பட்டுவிடுகின்றான். இதனைக் கண்டு வருந்தும் பயணியர் பலர். மரபு அழிகின்றதே, இவர்கள் ஊரிலேயே இருந்தாலென்ன என்பர். இவ்வாறு கேட்பவர் தம் பாட்டனாரின் கமத்தை விட்டு நகரத்திற்கு வந்து, அலுவலகத்திலிருந்து பெற்ற விடுமுறையிலே இங்கு நடப்பவராயின், அக்கேள்விக்கு என்ன தகுதி உண்டு? தான் உதறிய சுமையை மற்றொருவன் தன் கண்களின் பொருட்டுச் சுமக்கவேண்டும் என்பது அறமாகாது. காட்சியைப் பேணவேண்டும் எனின் அதனைப் பேணுபவர்க்குப் போகவும் இருக்கவும் உரிமை வேண்டும். இருப்பதே அவர்க்கு ஆதாயமாகும் நிலையும் வேண்டும்.

அங்ஙனமாயின் பணம் கொடுத்துப் பெறும் விருந்து விருந்தாகுமா? தமிழில் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதும் பொருள். அறியாதவராய்ப் புதிதாக வந்தவரே விருந்தினர். அவரிடம் விலை கேட்பது இழிவென மரபு கருதிற்று. ஆயின் அம்மரபு, வருவோர் சிலராகவும் என்றோ ஒருநாள் வருபவராகவும் இருந்த காலத்துக்கு உரியது. நாடோறும் வாசலில் நிற்கும் அந்நியர்க்கு விலையின்றிச் சோறிடுமாறு மலைநாட்டு எளியவரைக் கேட்பது விருந்தோம்பலின் பெயரால் நிகழும் சுரண்டலேயாகும். 1795 இல் வெளியான நிலையான அமைதிபற்றிய நூலில் கான்ற் இதற்கு ஒரு வரையறை தந்தார். அந்நிய மண்ணை மிதிப்பவனுக்குப் பகைவனாக நடத்தப்படாமைக்கு உரிமை உண்டு. விருந்தினனாக வீட்டினுள் ஏற்கப்படும் உரிமை இல்லை. அதற்குத் தனியான உடன்படிக்கை வேண்டும். ஐரோப்பியர் தாம் சென்ற நாடுகளைக் கண்டுசெல்வதற்கும் வென்றெடுப்பதற்கும் வேறுபாடு அறியாதிருந்ததை அவர் அவ்விடத்திலேயே கண்டித்தார். தங்கலுக்கென்று பேசிக்கொள்ளும் விலையும் அத்தகைய உடன்படிக்கையே. அதில் வெட்கம் ஒன்றுமில்லை. விலை பேசப்பட்ட பின்னரும் அடுப்பருகே நிகழும் உரையாடல் விலைக்கு உட்படாததாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதனை எவரும் முன்கூட்டி வாங்கிவிட முடியாது.

வழிகாட்டியிடத்து இவ்வுறவு இன்னும் தெளிவாகும். ஓரடி அகலமே உள்ள வரம்பு. ஒரு புறம் சேறு, மறுபுறம் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட வீழ்ச்சி. அங்கே கடவுச்சீட்டும் கல்வியும் பணப்பையும் உதவுவதில்லை. முன்னே செல்பவரின் கால்வைப்பே உதவுகின்றது. பணம் கொடுத்தவன் பணிந்து நடக்கின்றான். நகரத்திற் கிடைத்தற்கரிய பாடம் அது எனலாம். இதற்காகவேனும் வழிகாட்டியின் கூலியைப் பேரம்பேசிக் குறைப்பவனை மன்னித்தல் அரிது.

ஆயினும் உடன்படிக்கை இருவரையே கட்டும். நீரோ எல்லா வயல்களையும் கட்டுகின்றது. பயணியை ஏற்கும் அறை ஒருவருடையது. அவன் வியக்கும் வயல்கள் பலருடையவை. வயல்வேலையிலும் வழிகாட்டுதல் வருவாய் மிக்கதாகும்போது சுவர் கட்டத் தெரிந்த கைகளே வயலைவிட்டு வழிக்கு வருகின்றன. மேல்வயலுக்குரியவர் நகரத்திலே கட்டடவேலை செய்கின்றார் எனவும், கீழ்வயலுக்குரிய மூதாட்டி வீட்டிலே தங்கலறை இல்லை எனவும் கொள்க. மேல்வயல் இவ்வாண்டு உழப்படவில்லை. சுவர் ஓரிடத்திற் சரிந்துவிட்டது. மூதாட்டியின் நாற்றின்மேற் கிடக்கும் கற்களை ஏற்றிவைக்க நால்வர் வேண்டும். அந்நால்வரும் அன்று பயணியருடன் அடுத்த ஊருக்குப் போயிருக்கின்றனர். பட்டாட்டில் ஓரிரவு தங்கியவன், தான் செலுத்திய கட்டணத்தில் எப்பகுதி அக்கற்களைச் சென்றடைகின்றது என்று தன் வீட்டுக்காரரிடமும் வழிகாட்டியிடமும் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை கூறத்தக்க ஏற்பாடு அவ்வூரில் உண்டா இல்லையா என்பது அவன் புறப்படுமுன் தெரிந்துவிடும்.