தள்ளிவிட ஆள் வேண்டாம்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு மேடும் பள்ளமுமான ஊர். தெருவிலிருந்து வீட்டு வாசல்வரை போகும் வண்டிப்பாதை அங்கே பல வீடுகளில் ஒன்று ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். கோடை விடுமுறை முடிந்து கேரவனோடு ஊர் திரும்புகிறவர்கள் முந்நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையை அலட்சியமாகக் கடந்து வந்துவிட்டு, கடைசிப் பத்து மீட்டரில் திணறுவார்கள்.

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் சொகுசுப் பேருந்தை நினைக்க வேண்டாம். இது எஞ்சின் இல்லாத வண்டி. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் சேர்ந்து ஒன்றரை டன் வரும். குறுகலான வாசலுக்குள் அதைக் காரால் பின்பக்கமாகத் தள்ளி நுழைப்பது எல்லோருக்கும் கைவராது. காரிலிருந்து கழற்றிக் கையால் தள்ள வேண்டும். சமதரை என்றால் இரண்டு பேர் சமாளிப்பார்கள். மேடு என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும்.

தட்ட வேண்டியிருந்தது என்பதே சரி. இப்போது அதற்கென்று ஒரு மோட்டார் இருக்கிறது. வண்டியின் அடிச்சட்டத்தில், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டார்களைப் பொருத்துகிறார்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் உருளை. உருளை டயரில் போய் அழுந்தி அதைச் சுழற்றும். உள்ளே விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் இருக்கிற அதே 12 வோல்ட் பேட்டரிதான் இதற்கும். ஒரு சக்கரம் முன்னாலும் மற்றது பின்னாலும் சுழன்றால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பிக்கொள்ளும். வீட்டுக்காரர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடக்கிறார். ஒன்றரை டன் வீடு நத்தைபோல அவரோடு மேடேறுகிறது.

இந்த இயந்திரம் எதை மிச்சப்படுத்துகிறது என்று கணக்குப் போட்டால் விடை வேடிக்கையாக இருக்கும். எட்டு அடிக்கு ஓர் அடி உயரும் பாதையில் 1500 கிலோ வண்டி உருளாமல் நிற்கவே ஏறக்குறைய 186 கிலோவைத் தூக்குகிற விசை வேண்டும். நகர்த்த அதற்கும் மேலே. ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. ஆனால் 5 மீட்டர் தூரம் ஏற்றி முடிக்க ஆகும் ஆற்றல் சுமார் 9 கிலோஜூல்தான். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் இதைப்போல ஏழு மடங்கு இருக்கிறது. உடம்பு வெப்பமாக வீணடிப்பதைச் சேர்த்துக்கொண்டாலும் அந்த ஒரு கரண்டிக்குள் வேலை முடிந்துவிடும். ஆக, மோட்டார் மிச்சப்படுத்துவது உழைப்பை அல்ல. ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நான்கைந்து பேர் கூடவேண்டிய அவசியத்தைத்தான் அது இல்லாமல் செய்கிறது.

அந்த அவசியம் ஒழிக்கப்பட வேண்டிய குறையா, காப்பாற்றப்பட வேண்டிய நன்மையா? மெய்யியலிலும் சமயத்திலும் பழைய கேள்வி இது.

அந்தக் கேள்விக்குள் போகுமுன், தனியாகச் சுற்றும் ஆசையில் பிறந்ததுதான் கேரவன் என்பதையும் சொல்ல வேண்டும். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் 1885இல் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டி வீட்டைச் செய்வித்து ஸ்காட்லாந்துவரை போய்வந்தார். உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று அதைச் சொல்கிறார்கள். அந்தச் சுதந்திர வாழ்க்கைக்கு இரண்டு குதிரைகளும், வண்டியோட்டி ஒருவரும், பணியாள் ஒருவரும் தேவைப்பட்டார்கள். பிறர் தயவில்லாத வாழ்வு என்று பேசுகிறவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இயந்திரத்தின் மேல் சந்தேகம் என்றால் சீனத்தின் சுவாங் ட்சுதான் முதலில் நினைவுக்கு வருவார். அவர் பெயரில் வழங்கும் நூலின் 12ஆம் அத்தியாயத்தில் ஒரு கிழவர் கிணற்றுக்குள் இறங்கிக் குடத்தில் தண்ணீர் மொண்டு தோட்டத்துக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார். கன்பூசியஸின் சீடர் ட்சுகோங் ஏற்றம் என்று ஒன்று இருக்கிறதே, ஒரே நாளில் நூறு பாத்தி பாய்ச்சலாமே என்கிறார். கிழவருக்கு அது தெரியாமல் இல்லை. கருவியைத் தொட்டால் மனமும் கருவிபோல் ஆகிவிடும், அதற்கு வெட்கப்படுகிறேன் என்பது அவர் பதில். அழகான கதைதான். ஆனால் கிழவர் அங்கே தனியாள். குடமானாலும் ஏற்றமானாலும் அவருக்கு அக்கம்பக்கம் வேண்டியதில்லை. அவர் கவலையெல்லாம் தம் மனத்தின் தூய்மையைப் பற்றியது. ஷெஃபீல்டு வாசலுக்கு அது பாதி விடைதான்.

மெய்யியலாளர் ஆல்பர்ட் போர்க்மன் 1984இல் எழுதிய நூலில் சொன்னது இன்னும் நெருங்கி வருகிறது. வீட்டு நடுவில் கணப்படுப்பு இருந்த காலத்தில் ஒருவர் விறகு வெட்டினார், ஒருவர் அடுக்கினார், ஒருவர் தீ மூட்டினார்; குளிருக்காக எல்லோரும் ஓரிடத்தில் கூடினார்கள். குழாய் வழியே வெப்பம் வந்ததும் கதகதப்பு மிஞ்சியது, கூட்டம் கலைந்தது. சாதனம் நமக்கு வேண்டியதைத் தந்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த மனிதர்களை அப்புறப்படுத்திவிடுகிறது என்பது அவர் வாதம். இதில் கொஞ்சம் ஏக்கம் கலந்திருக்கிறது. விறகு வெட்டியவரைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பார்.

யூத மரபு ஏக்கப்படுவதில்லை, சட்டம் பேசுகிறது. உன்னைப் பகைப்பவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் ஒதுங்கிப் போகாதே, அவனோடு சேர்ந்து தூக்கிவிடு என்கிறது யாத்திராகமத்தின் 23ஆம் அதிகாரம். ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூல் இதை எடுத்துக்கொண்டு, வழக்கறிஞர்களுக்கே உரிய குறும்போடு துருவுகிறது. கழுதைக்காரன் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, “கட்டளை உனக்குத்தானே, நீயே இறக்கிக்கொள்” என்றால்? உதவ வேண்டிய கடமை இல்லை. ‘அவனோடு சேர்ந்து’ என்பதுதான் நிபந்தனை. கழுதைக்காரன் முதியவனாகவோ நோயாளியாகவோ இருந்தால்? அப்போது தனியாகவே செய்தாக வேண்டும். இறக்கி ஏற்றிய சுமை மறுபடி விழுந்தால்? மறுபடியும், நான்கைந்து முறையானாலும்.

மிஷ்னாவை விரித்துப் பேசும் தால்முத் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பக்கம் நண்பனின் கழுதைக்குச் சுமை இறக்க வேண்டும், இன்னொரு பக்கம் பகைவனின் கழுதைக்குச் சுமை ஏற்ற வேண்டும். எதை முதலில் செய்வது? வலியில் இருக்கும் விலங்குக்குச் சுமை இறக்குவதே பொதுவாக முந்தியது. ஆனாலும் இங்கே பகைவனிடம் போ என்கிறார்கள், உன் மனத்தின் கெட்ட விருப்பத்தை அடக்கிப் பழகுவதற்காக.

கவனித்தால், இந்தச் சட்டங்கள் சுமைக்காரனைவிட வழிப்போக்கனையே அதிகம் பார்க்கின்றன. விழுந்த கழுதை அவனுக்கு வாய்த்த பயிற்சிக்களம். இந்தக் கோணத்தில் பார்த்தால் நகர்த்தும் மோட்டாரால் இழப்பு வீட்டுக்காரருக்கு இல்லை. அவர் வண்டி வாசலேறிவிட்டது, நிம்மதி. இழப்பு எதிர்வீட்டுக்காரருக்குத்தான். வேலித் தகராறில் ஆறு மாதமாகப் பேசாமல் இருக்கிற இருவரை ஒரு சாய்வான பாதை தோளோடு தோள் நிறுத்தியிருக்கும். இனி நிறுத்தாது.

இங்கேயே நிறுத்தினால் ஏக்கத்தின் பக்கம் சாய்ந்ததாகிவிடும். மறுபக்கத்துச் சாட்சி வலுவானது. அமெரிக்காவின் எட் ராபர்ட்ஸ் 14 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அவர் நாற்காலியை எப்போதும் ஓர் உதவியாளர் தள்ள வேண்டியிருந்தது. காதல் வந்தது. காதலியோடு உட்காரும்போதும் உதவியாளர் பக்கத்தில் நிற்பார் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? மோட்டார் நாற்காலி ஓட்டக் கற்றுக்கொண்டார். 1972இல் பெர்க்லியில் மாற்றுத்திறனாளிகளின் தற்சார்பு வாழ்வு மையத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். எல்லாவற்றையும் தானே செய்வது தற்சார்பு அல்ல, எதை எப்போது யாரைக்கொண்டு செய்வது என்ற முடிவு தன் கையில் இருப்பதே தற்சார்பு என்பது அந்த இயக்கத்தின் அடிப்படை. மூட்டுவலியோடு மேட்டு வீட்டில் தனியாக வாழும் ஒரு மூதாட்டிக்கு, ‘உன் இயலாமை மற்றவர்களின் நற்பண்புக்குப் பயிற்சி’ என்று சொல்ல எந்தச் சமயத்துக்கும் உரிமை கிடையாது.

கிறித்தவ மரபின் பவுலும் இந்த இடத்தில் ஒரே பேச்சில் நிற்கவில்லை. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் ஆறாம் அதிகாரத்தில், இரண்டாம் வசனம் ஒருவர் சுமையை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. ஐந்தாம் வசனம் அவரவர் சுமையை அவரவரே சுமப்பர் என்கிறது. இடையில் இரண்டே வசனங்கள். உரைகாரர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள். சமாதானம் இல்லாமல் இரண்டையும் வைத்துக்கொள்வதே நேர்மை என்று தோன்றுகிறது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று பழமொழி வைத்திருப்பவர்களுக்குத் திருவாரூர் ஒரு நடைமுறை விடை வைத்திருக்கிறது. ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி, ஏறக்குறைய 300 டன் என்கிறார்கள். இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனத்தின் கைவேலை. பின்னாலிருந்து புல்டோசர்கள் உந்துகின்றன. முன்னால் வடத்தை ஆயிரக்கணக்கானோர் பிடித்திருக்கிறார்கள். புல்டோசர் இருக்கிறதே என்று யாரும் வடத்தை விட்டுவிடவில்லை. வடம் இருக்கிறதே என்று யாரும் புல்டோசரைத் திருப்பி அனுப்பவும் இல்லை. ஆனால் தேர் திருவிழா. வருடத்துக்கு ஒருமுறை, ஊரே தீர்மானித்துக் கூடுவது. ஞாயிற்றுக்கிழமை மாலை மழையில் நனைந்துகொண்டு ஒரு வண்டியை வாசலேற்றுவதற்கு யாரும் வடம் பிடிக்கப் போவதில்லை. அன்றாடக் காரியங்களில் கூட்டத்தைக் கூட்டியது பக்தி அல்ல, வேறு வழியில்லாமைதான்.

மோட்டார் வந்த பிறகும் வாசலில் சில வேலைகள் மிச்சமிருக்கின்றன. உருளைகள் டயரில் அழுந்தும்வரை கைபிரேக்கை விடக்கூடாது. வண்டி நின்றதும் கைபிரேக்கைப் போட்டுச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கும்வரை உருளைகளை விலக்கக்கூடாது. சரிவில் இந்த வரிசை மாறினால் வண்டி தெருவுக்கு வந்துவிடும். ஆறேழு மீட்டர் நீள வண்டியின் இரு முனைகளையும் ரிமோட் வைத்திருப்பவரால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. பின்பக்கம் சுவர் எவ்வளவு தூரம், குழந்தையோ பூனையோ குறுக்கே வருகிறதா என்று இன்னொருவர் பார்த்துச் சொன்னால் நல்லது. இதற்குத் தோள் வலிமை வேண்டாம். தள்ளுகிற காலத்தில் “நீங்க விலகி நில்லுங்க” என்று ஓரங்கட்டப்பட்ட எண்பது வயதுப் பக்கத்து வீட்டுக்காரர் இந்த வேலையைச் செய்யலாம், கூப்பிட்டால்.