இனாம் வேறு, மரியாதை வேறு

1999 கார்கில் போரின்போது பள்ளிப் பிள்ளைகள்கூட நிதி திரட்டினார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாள் வசூல். தீபாவளி வந்தால் பட்டாளத்துக்கு இனிப்புப் பொட்டலம். போருக்குப் போய்த் திரும்புகிறவனுக்குப் பண்டிகைப் பரிசு கொடுப்பது நல்ல காரியம்தானே, இதில் என்னய்யா கேள்வி என்பீர்கள். கேள்வி இருக்கிறது. கொடுக்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் என்ன உறவு?

முகவைச் சீமையில் நம்ம சனங்களுக்கு இனாம் புதுசில்லை. பொங்கலுக்குப் பண்ணையார் வேட்டி, துண்டு கொடுப்பார், குனிஞ்சு வாங்கிக்கணும். வாங்கிக்கிட்டா விசுவாசம். கூலியைக் கூட்டிக் கேட்டா திமிரு. இனாம் கொடுக்கிறவன் மனசைப் பொறுத்தது. அவன் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்வான். 1818 கோரேகாவ் போரில் செத்த மகார் சிப்பாய்களின் பெயரை வெள்ளைக்காரன் தூணில் பொறித்தான். அதே வெள்ளைக்காரன் 1890-களில் மகார்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதையே நிறுத்தினான். தூண் மட்டும் நின்றது.

செல்லூர் இம்மானுவேல் சேகரனும் பட்டாளத்துக்காரர்தான். 1950-களில் ஊர் திரும்பிய அவர் யாரிடமும் பரிசு கேட்கவில்லை. தீண்டாமைக்கு எதிராக மக்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் தம் மக்களின் பிரதிநிதியாகச் சரிசமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 32. நாட்டுக்கு அவர் செய்த சேவை அன்றைக்குக் குறுக்கே வந்து நிற்கவில்லை. அரசாங்கம் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 2010-ல்.

அப்படியானால் பரிசே வேண்டாமா? கொடுக்கட்டும். பண்டிகை முடிந்த மறுநாள் அந்த மனிதன் டீக்கடையில் அதே கிளாசில் குடிக்க முடிகிறதா, அதே தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் அந்தப் பரிசுக்கு மதிப்பு.

நாமும் ஒன்றை யோசிக்க வேண்டும், தோழர்களே. "பட்டாளத்துக்காரனுக்கே இந்தக் கதியா?" என்று நாமே கேட்கிறோம். அப்போ பட்டாளத்துக்குப் போகாத அவன் தம்பிக்கு இந்தக் கதி பரவாயில்லையா? சாக்கடைக்குள் இறங்குகிறவனுக்கும், கருவேலங்காட்டில் கரி மூட்டம் போடுகிற அக்காவுக்கும் எவனும் இனிப்புப் பொட்டலம் அனுப்புவதில்லை. சாவுக்கு நெஞ்சைக் காட்டிவிட்டு வந்தால்தான் மரியாதை என்றால், அந்த மரியாதைக்கு விலை நம்ம உயிரு. மனுசனாப் பொறந்ததுக்கே கிடைக்க வேண்டியதை நாம் ஏன் விலை கொடுத்து வாங்கணும்?