விலையும் விருந்தும்

உணவுச்சாலையிலே காசு கொடுத்து உண்பவன் எதனை வாங்குகிறான் என்ற வினா முதற்பார்வைக்கு மிக எளிதானது. உணவை வாங்குகிறான் என்று எவரும் விடை கூறிவிடுவர். ஆயின், எவ்வளவு உண்டாலும், எதனைத் தெரிந்தெடுத்தாலும், ஆளுக்கு இவ்வளவு என ஒரே விலை விதிக்கப்படும் இடத்தில் இவ்விடை போதுமானதன்று. அங்கு விலைக்கும் உணவின் அளவுக்கும் இடையிலான தொடர்பு அறுந்து விடுகின்றது. அவ்வாறு அறுந்தபின் உண்பவனைக் கட்டுப்படுத்துவது எது? இக்கட்டுரை ஆராய முற்படுவது இவ்வினாவையே.

இதற்கு வாய்ப்பான உதாரணமாக, ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒர்லாண்டோ நகருக்கு அண்மையில் 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி திறக்கப்பட்ட வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் கேளிக்கைப் பூங்கா வளாகத்தைக் கொள்ளலாம். அவ்வளாகத்தின் பூங்காக்களிலும் விடுதிகளிலும் உள்ள புகழ்பெற்ற உணவகங்கள் பல நிலைவிலை முறையைக் கைக்கொள்பவை. அங்குள்ள பொலினீசியன் விடுதியின் உணவகத்துக்கு 'ஓஹானா' என்று பெயர். ஹவாய் மொழியில் குடும்பம் என்பது அதன் பொருள். பொதுக் கலங்களில் மேசைக்கு வரும் உணவு, கேட்கக் கேட்க மீண்டும் வரும். 2012இல் திறக்கப்பட்ட மற்றோர் உணவகம், 1991இல் வெளிவந்த திரைப்படமொன்றின் பாடலைத் தழுவி 'பீ அவர் கெஸ்ற்' எனப் பெயர் பெற்றது. எங்கள் விருந்தினராயிருங்கள் என்பது அதன் கருத்து. 2018இல் இவ்வுணவகம் இரவுணவை மூன்று பரிமாறல் கொண்ட நிலைவிலை உணவாக மாற்றியது. வாடிக்கையாளர் என்ற சொல்லை விலக்கி, வருவோர் அனைவரையும் விருந்தினர் என்று அழைப்பது அந்நிறுவனத்தின் மரபு. எனவே, விலையும் விருந்தும் ஒரே மேசையில் அருகருகே இருக்கும் இடம் அது எனலாம்.

நிலைவிலை என்பது புதிய கண்டுபிடிப்பன்று. பழைய ஐரோப்பியச் சத்திரங்களிலே, பிரெஞ்சு மொழியில் விருந்தளிப்பவனின் மேசை என்று பொருள்படும் ஒரு முறை வழங்கியது. குறித்த வேளையில், ஒரே நீண்ட மேசையில், குறித்த தொகைக்கு, சமைத்தது எதுவோ அதனை எல்லோரும் உண்பர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸ் நகரில் எழுந்த புதிய உணவகங்கள் இம்முறையினின்றும் விலகின. தனித்தனி மேசை, விரும்பிய வேளை, ஒவ்வோர் உணவுக்கும் விலை குறித்த பட்டியல் என்பன அவற்றின் சிறப்பியல்புகள். தனிமனிதனின் தெரிவுரிமை உணவு மேசையில் பெற்ற வெற்றி இது. ஆயினும், அடுத்த நூற்றாண்டிலேயே மலிவான நிலைவிலை உணவகங்கள் அந்நகரிற் பெருகின. தெரிவுரிமையோடு கணக்குப் பார்க்கும் தொல்லையும் கூடவே வந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம்.

நிலைவிலையின் அறவியற் சிறப்பை முதலில் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். விலைப்பட்டியல் முன்னே விரிந்திருக்கும்போது, பிறர் செலவில் உண்ண வந்தவன் உணவின் பெயரைப் படிக்குமுன் விலையைப் படிக்கிறான். கையிற் பணம் குறைந்தவன், தனக்குப் பசியில்லை என்று பொய் கூறுகிறான். பெற்றோரின் முகக்குறிப்பை உணர்ந்த பிள்ளை, தான் விரும்பியதைக் கேளாமல் விடுகிறது. நிலைவிலை இச்சிறு துயரங்களை மேசையிலிருந்து அகற்றி விடுகின்றது. கணக்கு வாயிலிலேயே முடிந்துவிடுகிறது. உள்ளே இருப்போர் யாவரும் சமமானவர். எனினும், அவ்விலை சிறிதன்று என்பதையும், வாயிலில் முடிந்த கணக்கைச் சந்திக்க இயலாதோர் வாயிலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. மேசையிலுள்ள சமத்துவம் மேசைக்கு வந்தோரின் சமத்துவமே.

இனி, இம்முறை இயங்குமாற்றை நோக்குவோம். உணவகம் ஒருவரின் பசியைக் கருதி விலை நிர்ணயிப்பதில்லை. பலருடைய பசியின் சராசரியைக் கருதியே நிர்ணயிக்கிறது. குறைவாக உண்பவர் மிகுதியாக உண்பவரின் செலவில் ஒரு பங்கைத் தாங்குகிறார். ஆகவே, நிலைவிலை என்பது உணவகத்துக்கும் உண்பவனுக்கும் இடையிலான ஒப்பந்தம் மாத்திரமன்று. ஒருவரையொருவர் அறியாத உண்போர் பலருக்கிடையே எழுதாது நிலவும் ஓர் உடன்பாடுமாகும். இவ்வுண்மையை மறக்கும்போதே முதற்றவறு நேர்கிறது.

'கொடுத்த காசுக்கு உண்ணவேண்டும்' என்ற எண்ணமே அத்தவறு. பசி தீர்ந்த பின்னும் ஒருவன் மேலும் ஒரு தட்டு வரவழைக்கிறான். பாதியை உண்டு பாதியை விட்டெழுகிறான். பொருளியலாளர் நோக்கில் இது அறிவுடைமையன்று. கொடுத்த பணம் உண்டாலும் மீளாது, உண்ணாவிடினும் மீளாது. வயிற்றை வருத்துவதால் இழப்பு ஈடு செய்யப்படுவதில்லை. அறவியல் நோக்கில் இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. அடுத்த தட்டுக்கு விலை ஏதும் இல்லை என்ற நிலையில், முன்னர் பணப்பை செய்த வேலையை இப்போது மனச்சான்று செய்ய வேண்டியுள்ளது. பணப்பை தடுத்தபோது மட்டும் அளவறிந்து உண்டவனிடம் அளவறிதல் என்ற பண்பு இருந்ததென எவ்வாறு கூறுவது? ஒருவனிடத்து அப்பண்பு உண்டா இல்லையா என்பதை நிலைவிலை மேசை தெளிவாகக் காட்டிவிடுகின்றது.

'நான் விலை கொடுத்தேன். உண்பதும் எறிவதும் என் உரிமை' என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதம் வலுவானது போலத் தோன்றினும் ஆராய்ந்தால் நிலைக்காது. அவர் வாங்கியது வேண்டிய அளவு உண்ணும் உரிமை. வேண்டாத அளவு வீணாக்கும் உரிமையை எவரும் அவருக்கு விற்கவில்லை. அவர் வீணாக்கியதன் விலை சராசரியிற் சேர்ந்து நாளை வருவோரின் தலையிலேயே விழுகின்றது.

இரண்டாவது பிரச்சினை மேலும் நுட்பமானது. இவ்வுணவகங்களில் மூன்று முதல் ஒன்பது வயது வரையுள்ளோருக்குச் சிறுவர் விலை. பத்து வயது முதல் பெரியவர் விலை. அண்மையிற் பத்து வயது நிறைந்த மகளோடு வந்த தந்தை ஒருவர் மேசைக்கு முன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் சேமித்த பணத்திலே வந்த பயணம் அது. பிள்ளையின் வயதைக் கேட்கிறார்கள். 'ஒன்பது' என்கிறார் தந்தை. அவரை எளிதிற் பழித்துவிடல் நேர்மையன்று. பிறந்தநாள் ஒன்று கழிந்தமையாற் பிள்ளையின் வயிறு பெருத்துவிடவில்லை, விதி தன்னிச்சையானது, நிறுவனமோ மிகப் பெரியது, சில பத்து டொலர்களால் அதற்கு நேரும் நட்டம் கடுகளவும் இல்லை.

இவையனைத்தும் உண்மையே. ஆயினும், இவற்றுள் ஒன்றேனும் பொய்க்கு நியாயமாகுமா? விதி தன்னிச்சையானதாயினும் மறைவானதன்று. விலை அநீதியானது என்று கருதுவோர் அங்கு செல்லாது விடலாம், குறை கூறலாம், வேறிடத்தில் உண்ணலாம். மெய்ம்மையை எல்லாச் சூழ்நிலையிலும் விலக்கற்ற கடமையாகக் கொண்டு 1797இல் இம்மானுவேல் கான்ற் எழுதிய கட்டுரையின் கடுமையை நாம் முழுவதும் ஏற்க வேண்டியதில்லை. உயிர் காக்கச் சொல்லும் பொய்யைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இங்கு காக்கப்படுவது உயிரன்று. மேலும், அப்பொய்யைக் கேட்டுக்கொண்டு நிற்பவள் அந்தப் பிள்ளை. தனக்குப் பத்து வயது நிறைந்ததைப் பெருமையோடு எண்ணியிருந்தவள் அவள். மெய் பேசுதல் நன்று; ஆயின் அதற்கு ஒரு விலையுண்டு; விலை மிகுந்தவிடத்து அதனை விட்டுவிடலாம் என்ற பாடத்தை அன்றே கற்றுக்கொள்கிறாள். நிறுவனத்தின் நட்டம் சிறிதாயிருக்கலாம். அவளுடைய நட்டம் சிறிதன்று.

மூன்றாவது, முற்பதிவு பற்றியது. அறுபது நாட்களுக்கு முன்னரே மேசைகளைப் பதிவு செய்யும் வசதி அங்குண்டு. ஒரே மாலைக்கு இரண்டு மூன்று உணவகங்களிற் பதிந்துவிட்டு, இறுதியில் மனம் விரும்பிய ஒன்றுக்குச் செல்லும் வழக்கம் இதனாற் பெருக இடமுண்டு. இதனைத் தடுக்க, அறிவியாது வராதொழிவோரிடம் ஆளுக்குப் பத்து டொலரளவில் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டது. தண்டம் நடத்தையைத் திருத்தும் என்பதே பொதுக் கருத்து. ஆனால், இஸ்ரேலின் ஹைபா நகரிலே குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று வேறுவிதமான முடிவைத் தந்தது. பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பிந்தி வரும் பெற்றோருக்குத் தண்டம் விதித்தபோது, பிந்தி வருவோர் தொகை குறையவில்லை, கூடியது. முன்னர், காத்திருக்கும் ஆசிரியையை எண்ணி நாணியவர்கள், இப்போது தண்டத்தை ஒரு கட்டணமாகக் கருதிச் செலுத்திவிட்டு அமைதியடைந்தனர். கடமை விலையாக மாறியதும் நாணம் மறைந்துவிட்டது. பத்து டொலரைச் செலுத்தியவன், தான் பிடித்துவைத்த வெற்று மேசைக்காக வாயிலில் ஏங்கி நின்ற குடும்பத்தை எண்ணுவானா என்பது ஐயத்துக்குரியது.

இங்கு நம் விசாரணையின் நடுநாடிக்கு வந்து சேர்கின்றோம். 1785இல் வெளிவந்த தம் ஒழுக்கவியல் நூலிலே கான்ற், உலகிலுள்ளவற்றை விலையுடையன, மாண்புடையன என இரண்டாகப் பகுத்தார். விலையுடையதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம்; மாண்புடையதற்கு ஈடு இல்லை. உணவு விலையுடையது, மேசையும் நேரமும் கூட விலையுடையன. ஆனால், உணவைக் கொண்டுவரும் பரிசாரகர்? அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், அன்பளிப்புப் பெறும் தொழிலாளருக்குத் தொழில்கொள்வோர் நேரடியாக வழங்கவேண்டிய மிகக் குறைந்த சம்பளத்தை 1991 முதல் மணிக்கு 2.13 டொலராகவே வைத்திருக்கிறது. புளோரிடா மாநிலச் சட்டம் இதனினும் உயர்ந்த தொகையை விதிப்பினும், எஞ்சியதை உண்பவரின் அன்பளிப்பு நிரப்பும் என்ற எதிர்பார்ப்பு அங்கும் உண்டு. ஆறு பேரும் அதற்கு மேலும் கொண்ட குழுவினருக்கு நூற்றுக்குப் பதினெட்டு வீதம் பற்றுச்சீட்டிலேயே சேர்க்கப்படுகின்றது. நிலைவிலையைச் செலுத்தியவர் 'எல்லாம் கொடுத்தாயிற்று' என எண்ணி எழுவாராயின், தம் முன் இரண்டு மணிநேரம் நடந்த கால்களை அவர் கணக்கிற் சேர்க்கவில்லை. பதினெட்டு வீதத்தைச் செலுத்தியும் அப்பணியாளரின் முகத்தை ஒருமுறையேனும் நோக்காது எழுவாராயின், அவர் சேர்த்த கணக்கும் குறையுடையதே. மரியாதையைப் பற்றுச்சீட்டிற் சேர்க்க இயலாது.

உண்போரின் கடமையை மட்டும் பேசுதல் ஒருதலைப்பட்சமாகும். நம் அறநூல்களுள் திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம் பெரும்பாலும் விருந்தை ஏற்று உபசரிப்பவனையே நோக்கிப் பேசுகின்றமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. வருபவரை விருந்தினர் என்றழைக்கும் நிறுவனம் அச்சொல்லின் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். வரியும் பணிக்கட்டணமும் சேர்ந்த முழுத்தொகையை முன்கூட்டியே தெளிவாக அறிவித்தல், அடுத்த குழுவுக்கு மேசை வேண்டுமென்று உண்பவரை விரட்டாதிருத்தல், பணியாளருக்கு உண்பவரின் மனநிலையில் தங்கியிராத ஊதியம் வழங்குதல் என்பன அவற்றுட் சில. விருந்தினர் என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதிவிட்டு, நடைமுறையில் நுகர்வோராக மட்டும் நடத்தினால், அவர்களும் நுகர்வோராகவே நடந்துகொள்வர். 'கொடுத்த காசுக்கு உண்பேன்' என்ற மனப்பான்மை ஓரளவுக்கு இவ்வாறான நடத்தையின் எதிரொலியே.

ஆகவே, நிலைவிலை உண்பவனை அறத்திலிருந்து விடுவிக்கவில்லை. கணக்கிலிருந்து மாத்திரமே விடுவிக்கின்றது. அவ்விடுதலையை அவன் எவ்வாறு பயன்படுத்துகிறான் என்பதிலேயே அவன் விருந்தினனா நுகர்வோனா என்பது தீர்மானிக்கப்படுகின்றது. போதும் என்று தானாகவே கூறுதல், பிள்ளையின் வயதை உள்ளவாறு கூறுதல், வர இயலாதபோது முன்னரே அறிவித்தல், பரிமாறியவருக்கு நன்றி சொல்லி எழுதல் ஆகிய இவற்றுள் எதுவும் விலைப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. இவை இல்லாதவிடத்து அம்மேசையில் உணவு இருக்கும், விருந்து இராது.