மெத்தை யாருக்கு?

மரப்பெட்டி செய்கிறவர் அதன் வெளிப்புறத்தை இழைத்து, மெருகு ஏற்றி, பித்தளைக் குமிழ் பொருத்துகிறார் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெளிப்புறம் நாலு பேர் கண்ணில் படுகிற இடம். ஆனால் அதே பெட்டியின் உள்ளே வெல்வெட்டோ, பட்டோ, கம்பளியோ ஒட்டி, மூலைகளில் துணி சுருங்காமல் இழுத்து அமைக்கிறாரே, அது யாருக்காக? மூடியைச் சாத்தினால் அங்கே இருட்டு. பார்ப்பவர் எவரும் இல்லை. உள்ளே கிடக்கிற பொருளும், 'சௌகரியமாக இருக்கிறது, ஐயா' என்று நன்றி சொல்லப் போவதில்லை. கைம்மாறு கருதாத உபகாரம் என்று உலகத்தில் ஏதாவது இருக்குமானால், அது பெட்டிக்குள் ஒட்டிய துணியாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது அல்லவா?

அப்படித் தோன்றுவது சரிதானா என்பதுதான் என் சந்தேகம்.

அந்தத் துணி செய்கிற நன்மையை முதலில் ஒப்புக்கொண்டு விடுவோம். பொருளை அது ஆடாமல், உரசாமல் வைத்திருக்கிறது. பிடில் பெட்டிக்குள் மெத்தை இல்லாவிட்டால் பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலும் வாத்தியத்தின் கழுத்தில் விழும். நகைப் பெட்டியின் சங்கதி இன்னும் சுவையானது. கடினத்தை அளக்க மோஸ் அளவை என்று ஒன்று இருக்கிறது. அதில் வைரத்துக்கு 10, முத்துக்கோ 2.5 முதல் 4.5 வரைதான். இரண்டையும் ஒரே அறையில் போட்டுக் குலுக்கினால் வைரத்துக்கு ஒன்றும் ஆகாது. முத்தின் மேல்தான் கீறல் விழும். ஆகவே பெட்டியைத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி, ஒவ்வோர் அறைக்கும் துணி ஒட்டுகிறார்கள். வைரத்துக்காக அல்ல, வைரத்தின் பக்கத்தில் கிடக்க நேர்ந்த முத்துக்காகத்தான் அந்த ஏற்பாடு. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி மறுபக்கத்தைப் பார்க்கலாம்.

சாப்பாட்டு மேஜையில் வெள்ளிக் கரண்டிகளை வைத்துக்கொள்ளும் வழக்கம் மேல்நாட்டுச் செல்வர்களிடம் உண்டு. அவற்றுக்கென்று தனி இழுப்பறை செய்து, உள்ளே பச்சை நிறக் கம்பளித் துணியை விரித்தார்கள். நெய்யாமல், கம்பளி மயிரை அழுத்தியே செய்கிற ஃபெல்ட் என்ற துணியும் அதற்கு உதவிற்று. தொட்டால் பூனைக்குட்டியைத் தொட்டது போல் இருக்கும். இழுப்பறையை எத்தனை வேகமாக இழுத்தாலும் கரண்டி ஓசைப்படாது. வெள்ளிக்கு இதைவிட ராஜ உபசாரம் வேறு என்ன?

ஆனால் கம்பளி ஆட்டு மயிர். மயிரில் கந்தகம் இருக்கிறது. கம்பளியின் எடையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கந்தகம்தான். நாளாக ஆக அதிலிருந்து கந்தகம் கலந்த ஆவி மிக மிகக் கொஞ்சமாக வெளியேறும். திறந்த வெளியாக இருந்தால் காற்றோடு போய்விடும். இதுவோ மூடிய பெட்டி. ஆவிக்குப் போக்கிடம் இல்லை. அது வெள்ளியின் மேல் படிந்து, அதைக் கறுக்க வைக்கிறது. வெறும் அலமாரித் தட்டில் கிடந்திருந்தாலும் வெள்ளி காலப்போக்கில் கறுக்கத்தான் செய்யும். ஆனால் இங்கே கறுக்க வைப்பது எது என்று பாருங்கள். கீறல் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்து விரித்த மெத்தை!

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். பெயரைப் பார்த்து நம் ஆடி மாதத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடிப் பேழைகளில் விரிக்கிற துணி, பூசுகிற பசை, அடிக்கிற பலகை ஆகியவையே உள்ளிருக்கும் அரும்பொருள்களைக் கெடுக்கக் கூடும் என்று கண்டு, 1973-ஆம் ஆண்டில் அவர் ஒரு பரீட்சையை விவரித்தார். துணியில் ஒரு சிறு துண்டை வெட்டிக் கண்ணாடிக் குப்பியில் போடுகிறார்கள். ஈரப்பதத்துக்காகக் கொஞ்சம் தண்ணீர் வைக்கிறார்கள். பளபளவென்று தேய்த்த வெள்ளி, ஈயம், செம்புத் துண்டுகளைத் துணியோடு சேர்த்து வைத்துக் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். அப்படியே 60 டிகிரி சூட்டில் 28 நாள். பிறகு எடுத்துப் பார்த்தால், பல வருஷங்களில் நடக்க வேண்டியது அந்த நாலு வாரத்தில் நடந்திருக்கும். உலோகம் நிறம் மாறியிருந்தால் அந்தத் துணிக்கு மியூசியத்தில் இடமில்லை. வெல்வெட்டின் அழகும், பட்டின் விலையும் அங்கே செல்லுபடியாகா.

அந்தப் பரீட்சையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. துணி எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதை அது கேட்பதே இல்லை. பக்கத்தில் இருந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்கிறது.

இன்னொரு கதையும் இருக்கிறது. இது 1899-இல் நடந்தது. லோஃப்டஸ் செயின்ட் ஜார்ஜ் பைன் என்ற ஆங்கிலேயர், சேகரித்து வைத்த சிப்பிகளையும் சங்குகளையும் பற்றிய விசித்திரம் ஒன்றை அறிஞர் சபையில் எடுத்துச் சொன்னார். மர இழுப்பறைகளில் பத்திரமாக வைத்த சிப்பிகள் மேல் வெண்மையான பொடி பூக்கிறது. மெருகு போய், மேற்பரப்பு அரித்துப் போகிறது. இது கிருமியால் வருகிற வியாதி, ஒரு சிப்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிறது என்று அவர் நினைத்தார். பிற்பாடு ரசாயனம் படித்தவர்கள் ஆராய்ந்தபோது கிருமியும் இல்லை, தொற்றும் இல்லை என்று தெரிந்தது. ஓக் முதலான மரங்கள் காய்ந்து பலகையான பிறகும் புளிப்பு ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். வினிகரில் இருக்கிறதே, அதே அமிலம். அதுதான் சிப்பியின் சுண்ணாம்பைத் தின்றிருக்கிறது. கீழே பஞ்சு விரித்திருந்தாலும் பயனில்லை. ஆவி பஞ்சைக் கடந்து வரும். நோய் சிப்பியில் இல்லை, பெட்டியில் இருந்தது. ஆனால் பைன் நோய் என்ற பெயர் மட்டும் இன்றைக்கும் சிப்பியின் தலையில்தான் இருக்கிறது!

பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்த நான் இனி மனிதர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். ஊகம் சரிதான்.

மாயவரத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். வயிற்று வலி என்று படுத்தார். புற்றுநோய் முற்றிய நிலை என்று டாக்டர் பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகள் கூடிப் பேசி, அப்பாவிடம் 'அல்சர்' என்று சொல்வதென்று முடிவு செய்தார்கள். அன்று முதல் அந்த வீட்டுக்குள் துணி ஒட்டும் வேலை ஆரம்பமாயிற்று. ஆஸ்பத்திரிச் சீட்டுகள் பீரோவுக்குள் போய்விட்டன. பத்திரிகையில் புற்றுநோய் என்ற சொல் இருந்தால் அந்தப் பக்கமே அவர் கைக்குப் போகாது. பேரக் குழந்தைகளைக்கூடப் பழக்கி வைத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்த சமயங்களில் எனக்கும் அல்சர் என்றுதான் தெரியும்.

"உடம்பு கொஞ்சம் தேறட்டும், தம்பி. சீர்காழிக்குப் போய்த் தங்கச்சியை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடணும்" என்று அவர் என்னிடம் சொன்னார்.

தகப்பனார் விட்டுப் போன வீட்டின் பாகம் காரணமாக அண்ணனும் தங்கையும் பல வருஷங்களாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். மாயவரத்திலிருந்து சீர்காழி இருபது கிலோமீட்டர் சொச்சம். நிமிஷத்துக்கு நிமிஷம் பஸ். ஆனால் தேறப் போகிற உடம்புக்கு என்ன அவசரம்? ஐந்து மாதம் அவர் தேறுவதற்காகக் காத்திருந்தார். அந்த மாதங்களில் அவருக்குக் கோபம் அதிகமாயிற்று. தான் எழுந்து கூடத்துக்கு வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது என்று சிடுசிடுத்தார். "நோயாளி இல்லையா, சுபாவம் மாறிவிட்டது" என்றார்கள். சிப்பியின் மேல் பழி போட்ட கதைதான்.

அவர் காலமான அன்று தங்கை வந்தாள். கால்மாட்டில் உட்கார்ந்து, "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா நடந்தே வந்திருப்பேனே, அண்ணா!" என்று அழுதாள். யாரைப் பார்த்து இந்தக் கேள்வி? சொல்லி அனுப்ப வேண்டியவருக்கே சொல்ல வேண்டியது என்னவென்று தெரியாதே!

அந்தப் பிள்ளைகளை நான் குற்றம் சாட்டவில்லை. இரவும் பகலும் கண் விழித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய அன்பில் எள்ளளவும் கலப்பில்லை. கம்பளியிலும் கலப்பில்லைதான், சுத்தமான கம்பளிதான் வெள்ளியைக் கறுக்க வைத்தது. காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு மூத்த பிள்ளை என்னிடம், "அப்பா முகத்தைப் பார்த்து அதை எப்படி ஸார் சொல்வது?" என்று கேட்டார். உண்மையான, வேதனையான கேள்வி. ஆனால் அதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தாங்க முடியாதவர் யார் என்று அதில் எழுதியிருக்கிறது. கரண்டி ஓசைப்படாமல் இருப்பது கரண்டிக்கு வேண்டிய சுகமா, இழுப்பறையை இழுக்கிறவருக்கு வேண்டிய சுகமா?

அப்படியானால் மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைப்பதுதான் தர்மமா? அதுவும் இல்லை. 'நான் உள்ளதைச் சொல்கிறவன்' என்று மார் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் துணி ஒட்டாத வெறும் பெட்டிதான் இருக்கிறது. அதில் கீறலும் உண்டு, புளிப்பு ஆவியும் உண்டு. தவிரவும், எல்லா நோயாளிகளும் அறிய விரும்புகிறவர்கள் அல்லர். "எனக்கு ஒன்றும் சொல்லாதீர்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் உண்மையைத் திணிப்பது முத்தை வைரத்தோடு போட்டுக் குலுக்குவதற்குச் சமானம். அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று அவரையே மெதுவாகக் கேட்டு அறிவதுதான் வழி. மாயவரத்து வீட்டில் ஐந்து மாதத்தில் ஒருவரும் கேட்காதது அந்த ஒரு கேள்வியைத்தான்.

மியூசியக்காரர்களும் துணி விரிப்பதை விட்டுவிடவில்லை. பரீட்சையில் தேறிய துணியை விரிக்கிறார்கள். வெள்ளிக்கென்றே ஒரு துணி இருக்கிறது. அதன் இழைகளுக்குள் வெள்ளியையே மிக நுண்ணிய துகளாகப் பதித்து வைக்கிறார்கள். காற்றில் கந்தக ஆவி வந்தால் முதலில் அந்தத் துகள்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. பாத்திரம் பளபளப்பாகவே இருக்கிறது. துணி தன் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. ஒரு நாள் அதை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டுமே மெத்தென்ற துணிதான். ஒன்று தன்னிடமுள்ள கேட்டை வெள்ளிக்குக் கொடுக்கிறது; மற்றொன்று வெள்ளிக்கு வருகிற கேட்டைத் தான் வாங்கிக்கொள்கிறது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்கும்போது உள்ளதைச் சொல்லி, அதன் பிறகு எழுந்து போய்விடாமல் அவருடைய அழுகையையும் கோபத்தையும் தான் வாங்கிக்கொள்கிறவர் இந்த இரண்டாவது ஜாதி. அப்படிப்பட்டவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வார்கள். மென்மைக்கு விலை உண்டு என்றால் அதுதான் விலை.

நம் பாட்டிமார்களுக்கு ஆடியின் பரீட்சை தெரியாது. ஆனாலும் கூறைப் புடவையை அவர்கள் கம்பளியில் சுற்றி வைத்ததில்லை. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போன பழைய வெள்ளை வேட்டியில்தான் சுற்றி வைத்தார்கள். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய மெல்லிய வெள்ளி, அதன் மேல் தங்க முலாம். பருத்தியில் கம்பளியைப் போலக் கந்தகம் இல்லை. துவைத்த துணியில் கஞ்சியும் இல்லை. சரியான துணிதான். எப்படித் தெரிந்தது அவர்களுக்கு? பெட்டியை மூடிய கையோடு கடமை தீர்ந்தது என்று அவர்கள் இருக்கவில்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை திறந்தார்கள். எடுத்து நிழலில் காற்றாட விட்டார்கள். எங்கே கறுத்திருக்கிறது, எங்கே இழை விடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்தார்கள். போன தடவை மடித்த இடத்திலேயே மறுபடி மடித்தால் சரிகை ஒடியும் என்று, மடிப்பை மாற்றி மடித்து வைத்தார்கள்.