எறிந்தபின் யாருடையது?

ஒரு பொருளின் பயன் முடிந்தவிடத்து, அதனைக் கொண்டவன் கடமையும் முடியுமா?

திருநெல்வேலிச் சந்தைக்குச் செல்வோர் முன்னாளிலே பனையோலைக் கடகங் கொண்டு சென்றனர். கடகம் கிழிந்தால் மண்ணோடு மண்ணாகும். பொலித்தீன் பையோ ஒரு நாழிகை உதவிப் பல தலைமுறை கிடக்கும். வெயிலிலே நொறுங்கித் துகளாகும். எரித்தால் நச்சுப் புகையாகும். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்திற்குச் சுண்ணக்கற் பாறையிலே தங்கும் மழைநீரே உயிர். நாம் வேலியோரத்தில் எறிவது அந்நீர் இறங்கும் நிலத்திலேயே கிடக்கின்றது.

அரசினர் 2017 செப்ரெம்பர் 1ஆந் திகதி பொலித்தீன் உணவுத்தாளையும், 2023 ஒக்ரோபர் 1ஆந் திகதி பிளாஸ்ரிக் மாலை, இடியப்பத் தட்டு முதலியவற்றையும் தடுத்தனர். 2025 நவம்பர் முதலாகக் கடைப்பையை இலவசமாய்க் கொடுத்தலையும் விலக்கினர். “விலை கொடுத்தேன், எறிதல் என் உரிமை” என்பாரும் உளர். விலை கடைக்காரனைச் சேர்ந்தது. கேடோ அயலானைச் சேர்வது. ஆதலின் விலை கடமையைத் தீர்க்காது. சட்டம் விற்பவன் கையைத் தடுக்கும்; வாங்குபவன் மனத்தைத் திருத்துவது கல்வியேயாம்.

அக்கல்வியைப் புகட்டுவார் எத்தகையராதல் வேண்டும்? இப்பொருள்பற்றி வகுப்பிலே விரித்துரைத்த அன்று மாலையே யான் மூன்று பொலித்தீன் பைகளோடு சந்தையினின்று மீண்டேன். எதிர்ப்பட்ட மாணாக்கனொருவன் வணங்கினான். பின் பைகளை நோக்கித் தலைகுனிந்தான். எனக்காக அவன் நாணினான். அன்றுதொட்டு என் துவிச்சக்கரவண்டியிலே ஓலைப்பை தொங்குகின்றது.

ஆசிரிய நண்பர்களே, மாணாக்கர் நம் வாயினும் நம் கையையே உற்றுநோக்குவர். நாளை சந்தைக்குச் செல்லுமுன் நம் கையை நாமே நோக்குவோமாக.