உயிர் என்னுடையது என்பவர்

குளிர்தேசங்களில் மாரிகாலத்திலும் பொழுதுபோக்குக்காகப் படகெடுத்துக் கடலுக்குப் போவோர் உண்டு. ஆளரவமற்ற நீர், தெளிந்த காற்று. அந்த இன்பத்தை நான் மறுக்கவில்லை. 'உயிர் என்னுடையது, ஆபத்தும் என்னுடையது' என்ற அவர்களது வாதந்தான் எனக்கு இடறுகிறது.

குளிர்நீரில் விழுந்தவனுக்கு முதல் நிமிடத்தில் மூச்சு அடங்காது. உறைநிலையை அண்டிய நீரென்றால் 10 நிமிடமளவில் விரல்கள் கயிற்றைப் பற்றா. (நீச்சற்காரர் என்ற பெருமை அங்கே செல்லாது.) உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தால் நினைவு தப்ப ஒரு மணி நேரமாகலாம். அதுவரை அவன் உயிர் யார் கையில்? தேடி வருபவர் கையில்.

1981 டிசெம்பர் 19 இரவு, இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையருகே 'யூனியன் ஸ்டார்' கப்பலின் இயந்திரம் நின்றுபோனது. மவுஸ்ஹோல் கிராமத்துத் தொண்டர் 8 பேர் புயலில் மீட்புப் படகை இறக்கினர். கப்பலிலிருந்து நால்வரை ஏற்றியும் விட்டனர். பிறகு இரு கலங்களிலுமாக 16 பேரும் மாண்டனர். அந்தக் கப்பல் உல்லாசத்துக்குப் போனதன்று. ஆனால் அழைப்பு வந்தால் தொண்டர்கள் காரணம் விசாரிப்பதில்லை.

புறப்படுமுன் தண்டையல் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ் ஓர் இளைஞனை ஏற்ற மறுத்தார். அவனுடைய தந்தை ஏற்கெனவே படகில் இருந்தார். ஒரு வீட்டிலிருந்து எத்தனை பேரைக் கடலுக்குக் கொடுக்கலாம் என்று அவர் கணக்குப் பார்த்திருக்கிறார். 'உயிர் என்னுடையது' என்பவரின் கணக்கில் அந்த வீடுகள் வருவதேயில்லை.

ஒரு நாளைக்குள், புதிய குழுவுக்கு வேண்டிய ஆட்கள் அதே கிராமத்தில் முன்வந்தனர்.